விடுமுறைக்கு எங்கே போவது? வளர்ந்த பிள்ளைகளையும் கேளுங்கள்!

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் மூடியதும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி கிளம்பும். "இந்த லீவுக்கு எங்கே போகலாம்?" என்பதே அது.

சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டில் இதற்கு விடை காண்பது சுலபம். ஊஞ்சலும் பலூனும் ஐஸ்கிரீமும் அகப்படும் இடம் எதுவானாலும் அவர்களுக்குத் திருப்திதான். தாத்தா பாட்டி இருக்கும் வீட்டிலும் சிரமம் இல்லை. கோயில் என்று சொன்னால் முதல் ஆளாகப் புறப்பட்டுவிடுவார்கள். சங்கடமெல்லாம் இந்த இரு சாராருக்கும் நடுவே இருக்கும் பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளிடம்தான். "நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று பையன் நழுவுகிறான். பெண் வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வண்டியில் ஏறுகிறாள். ஊர் போய்ச் சேரும் வரை செல்போனைவிட்டுத் தலை நிமிர்வதில்லை. "இத்தனை பணம் செலவழித்துக் கூட்டிவந்தால் இதுதானா மரியாதை?" என்று தகப்பனாருக்குக் கோபம் வருகிறது. உல்லாசப் பிரயாணம் என்று புறப்பட்டது சண்டையில் முடிகிறது.

இது எங்கும் உள்ள விஷயந்தான். ஆனால், ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் குடும்பங்களுக்கு இதில் மற்றவர்களுக்கு இல்லாத கஷ்டம் ஒன்று உண்டு.

கிடைப்பதே ஒரு நாள்

1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்ட பிறகு ஓசூர் வேறு ஊராகிவிட்டது. மோட்டார் சைக்கிள், லாரி, கைக்கடிகாரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன. இப்போது செல்போன் பாகங்களும் மின்சார ஸ்கூட்டரும் இந்த மாவட்டத்தில் தயாராகின்றன. தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களிலிருந்தும், வடக்கே ஒடிசா, பீகார் போன்ற மாநிலங்களிலிருந்தும் ஜனங்கள் பிழைப்புக்கு வந்து குடியேறியிருக்கிறார்கள். 2019-ல் ஓசூர் மாநகராட்சியும் ஆயிற்று.

இப்படி வந்தவர்களில் அநேகருக்குச் சொந்த ஊர் வெகு தூரத்தில் இருக்கிறது. முந்தைய தலைமுறைப் பிள்ளைகளுக்கு விடுமுறை என்றால் தாத்தா வீடு. மாமன் மகன், அத்தை மகள், பெரியப்பா பிள்ளைகள் என்று பத்துப் பேர் கூடுவார்கள். கிணற்றில் குதிப்பார்கள், மாங்காய் அடிப்பார்கள். அவர்களை யாரும் எங்கும் அழைத்துப் போக வேண்டிய அவசியமே இருந்ததில்லை. இன்று வாடகை வீட்டில் ஒன்றோ இரண்டோ பிள்ளைகளோடு வாழும் தொழிலாளியின் குடும்பத்துக்கு அந்த வசதி கிடையாது.

போதாததற்கு ஷிப்ட் வேலை. இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் இரவு ஷிப்ட். வார ஓய்வு ஞாயிற்றுக்கிழமையிலேயே விழும் என்பது நிச்சயமில்லை. தாயாரும் வேலைக்குப் போகிறவராயிருந்தால் இருவருக்கும் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைப்பது இன்னும் அரிது. பிள்ளைகளுக்கோ பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு என்று வந்துவிட்டால் டியூஷன், சிறப்பு வகுப்பு. கோடை விடுமுறையில் வகுப்பு நடத்தக் கூடாதென்று கல்வித் துறை உத்தரவு போடுவதும், சில பள்ளிகள் அதை மீறுவதும் வழக்கமாகிவிட்டன. ஆகவே குடும்பம் முழுவதும் ஒன்றாகப் புறப்படக் கிடைப்பது விடுமுறைக்கு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். அந்த ஒரு நாளையும் முணுமுணுப்பில் கழித்தால் எவ்வளவு நஷ்டம்!

பிடிவாதமா, பருவமா?

பிள்ளைகள் வேண்டுமென்றே முரண்டு பிடிக்கிறார்கள் என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி பருவத்தின் காரியம்.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பி, ஐந்து மணிக்கு வண்டியேற்றுவது குடும்பப் பிரயாணத்தின் எழுதப்படாத சட்டம். பெரியவர்களுக்கு அது சுகம். ஆனால், தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு, பதின்வயதில் இரவு நேரங்கழித்தே சுரக்கத் தொடங்குகிறது என்று வைத்திய விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். அந்த வயதில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்றும் சொல்கிறார்கள். பதினொரு மணிக்கு முன் தூக்கம் வராத பையனை நான்கு மணிக்கு எழுப்பினால், அவன் மத்தியானம் வரை தூங்கி வழியத்தான் செய்வான். அதைச் சோம்பல் என்று திட்டுவதால் பயனில்லை. ஏழு மணிக்குப் புறப்பட்டால் எந்த ஊரும் ஓடிப்போய்விடாது.

இரண்டாவது காரணம் மானம். பத்து வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவன், பதினைந்து வயதில் தன்னை ஓர் ஆளாக மதிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறான். ஊஞ்சல் பூங்காவில் தம்பியோடு நிற்கவைத்துப் படம் எடுத்தால் அவனுக்கு வெட்கமாக இருக்கிறது. வழியில் சந்திக்கும் உறவினரிடம், "இவனா? கணக்கில் கோட்டை விட்டுவிட்டான்" என்று தகப்பனாரே பிரஸ்தாபித்தால் அவன் மறுபடி கூட வருவானா? பிரயாணத்தின்போது மார்க்குப் பேச்சு கூடாது என்று பெற்றோர் ஒரு சங்கற்பம் செய்துகொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. எங்கே போவது, எப்போது போவது, என்ன சாப்பிடுவது என்று எல்லாவற்றையும் பெரியவர்களே தீர்மானித்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வண்டியில் ஏறி உட்காரும் வேலை ஒன்றே. தான் கலந்துகொள்ளாத முடிவில் யாருக்குத்தான் உற்சாகம் பிறக்கும்?

யோசனை கேட்கும் முறை

"உனக்கு எங்கே போக ஆசை?" என்று மொட்டையாகக் கேட்பதும் சரியல்ல. சிங்கப்பூர் என்று பதில் வந்தால் தகப்பனார் விழிக்க வேண்டியதாகும். இத்தனை ரூபாய், இத்தனை மணி நேரம், பாட்டியும் கூட வருவார் என்று எல்லையைச் சொல்லிவிட்டு, அதற்குள் இடம் பார்க்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட வேண்டும். பஸ் எத்தனை மணிக்கு, நுழைவுச் சீட்டு எவ்வளவு, அன்று திறந்திருக்குமா, சாப்பாட்டுக்கு என்ன வழி என்றெல்லாம் அவர்களே விசாரிக்கட்டும். ஓயாமல் பார்க்கும் அந்தச் செல்போன் இதற்காவது பயன்படட்டும்! கணக்குப் போட்டுப் பார்க்கும் பையனுக்கு, அப்பாவின் ஒரு நாள் சம்பளம் எத்தனை பேருடைய நுழைவுச் சீட்டுக்குப் போதும் என்பதும் தெரியவரும். ஆயிரம் முறை புத்தி சொன்னாலும் வராத பொறுப்பு அதில் வரும்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் இந்த லீவுக்கு அண்ணன் தேர்வு, அடுத்த லீவுக்குத் தங்கை தேர்வு என்று முறை வைத்துக்கொள்ளலாம். கூட ஒரு சிநேகிதனையோ சிநேகிதியையோ அழைத்துக்கொள்ள அனுமதிப்பது இன்னொரு நல்ல உபாயம். அந்த வயதில் ஒரு சிநேகிதன் பக்கத்தில் இருந்தால் மொட்டைப் பாறையும் வேடிக்கையாகத் தோன்றும். இல்லாவிட்டால் மைசூர் அரண்மனையும் அலுப்பாக இருக்கும்.

ஏறுவதற்கு மலை உண்டு

சரி, இந்த வட்டாரத்தில் போவதற்கு என்ன இருக்கிறது? தொழிற்சாலைப் புகையும் நெடுஞ்சாலை இரைச்சலும் தவிர ஒன்றும் இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். அது தவறு.

கிருஷ்ணகிரி ஊருக்கு மேலேயே ஒரு மலைக்கோட்டை நிற்கிறது. ஓசூரிலிருந்து தருமபுரி போகும் ரயில் பாதையில் ராயக்கோட்டை நிலையத்தில் இறங்கினால் இன்னொரு கோட்டை. தருமபுரி, கிருஷ்ணகிரி சேர்ந்த இந்தச் சீமைக்கு அந்நாளில் பாராமகால் என்று பெயர். ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் கிழக்கிந்தியக் கம்பெனியோடு போரிட்டது இந்தக் கணவாய்களில்தான். 1791-ல் ராயக்கோட்டை கம்பெனிப் படையிடம் வீழ்ந்தது. அதே ஆண்டில் கிருஷ்ணகிரிக் கோட்டையைப் பிடிக்கப் போன கம்பெனிப் படை முடியாமல் திரும்பியது. 1792-ல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் முழுவதும் கம்பெனி வசம் போயிற்று. பிற்காலத்தில் சென்னை கவர்னராக வந்த தாமஸ் மன்றோ, அப்போது இங்கே சாதாரண உதவி அதிகாரியாக ஊர் ஊராகச் சுற்றி நில வரிக் கணக்கு எழுதியவர்.

பாடப் புத்தகத்தில் நான்கு மார்க்குக்காக உருப்போட்ட திப்பு, தன் காலடியில் உள்ள பாறையில் படை நிறுத்தியவர் என்று தெரிந்தால் எந்தப் பையனுக்கும் பெண்ணுக்கும் சரித்திரத்தில் ருசி உண்டாகும். ஆனால், பெற்றோர் அங்கே வாத்தியாராக மாறிவிடக் கூடாது. ஏறட்டும், மூச்சு வாங்கட்டும், மேலே நின்று பார்க்கட்டும். கேள்வி அவர்களிடமிருந்து வரும்போது பதில் சொன்னால் போதும்.

இன்னும் பழைய காலத்தைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மல்லசந்திரம் குன்றில் கல்திட்டைகள் இருக்கின்றன. பலகைப் பாறைகளை வீடுபோல் நிறுத்தி, மேலே ஒரு பாறையை மூடி, இறந்தவர்களுக்காக எழுப்பிய சின்னங்கள் அவை. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்புப் பொருளின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. 4,000 ஆண்டுகளுக்கு முன்பே இரும்பு உருக்கிய மண்ணில்தான் இன்று மோட்டார் தொழிற்சாலைகள் நடக்கின்றன. கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் ராஜாஜி 1878-ல் பிறந்த வீடு நினைவில்லமாகக் காக்கப்படுகிறது. பிள்ளைகளை அங்கே நாள் முழுவதும் வைத்திருக்க முடியாது. அரை மணி நேரம் போதும். எளிய கிராமத்து வீட்டில் பிறந்து, ஓசூர்ப் பள்ளியில் படித்து, நாட்டின் கவர்னர் ஜெனரலாகவே ஆனவரின் கதை அந்த அரை மணியில் மனத்தில் பதியும்.

கோயிலை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. ஓசூர்ச் சந்திரசூடேசுவரர் கோயில் மலைமேல்தான் இருக்கிறது. பாட்டிக்குத் தரிசனம் ஆகும். பேரப் பிள்ளைகள் சாயங்கால வெளிச்சத்தில் ஊர் முழுவதையும் மேலிருந்து பார்க்கலாம். அப்பா வேலை செய்யும் தொழிற்சாலை எந்தத் திசையில் என்று தேடலாம். ஒரே இடத்தில் மூன்று தலைமுறைக்கும் வேலை இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் வேறு எது?

எல்லை தாண்டினால்

அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூர்ச் சாலை. ஓசூர்ப் பிள்ளைகளுக்குப் பெங்களூர் புதிதல்ல. ஆனால், அவர்களில் அநேகர் பார்த்திருப்பது கடைவீதியும் பெரிய வணிக வளாகமும்தான்.

கப்பன் பூங்காவை ஒட்டி விசுவேசுவரய்யா தொழில் நுட்பக் காட்சிசாலை இருக்கிறது. 1962-ல் பிரதமர் நேரு திறந்துவைத்தார். "தொடாதே" என்று பலகை மாட்டிய காட்சிசாலைகளுக்கு நடுவே, பொத்தானை அமுக்கியும் சக்கரத்தைச் சுழற்றியும் பார்க்கச் சொல்லும் இடம் இது. இயந்திரத் தொழிலாளியின் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. தகப்பனாருக்கும் இங்கேதான் பெருமை. பள்ளிப் பாடத்தில் மகனுக்கு உதவ முடியாதவர், கியர் எப்படிச் சுற்றுகிறது என்பதை வாத்தியாரைவிட நன்றாக விளக்குவார். அன்று அப்பாவைப் பிள்ளை புதிதாகப் பார்ப்பான்.

ஆகாய விமானத்தில் ஆசையுள்ளவர்களுக்கு எச்.ஏ.எல். விமானக் காட்சிசாலை உண்டு. ஹைதர் அலி 1760-ல் தொடங்கிய லால்பாக் தோட்டத்தில் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள பாறையை ஏறிப் பார்க்கலாம். பன்னேர்கட்டாவில் புலியும் சிங்கமும் உலவும் வனத்துக்குள் வண்டியில் போய் வரலாம். செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. ஷிப்ட் ஓய்வு செவ்வாயில் விழும் குடும்பத்தார் இதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. பஸ்ஸில் பொம்மசந்திரா போய், அங்கிருந்து ரயிலில் நகரத்துக்குள் போனால் நெரிசலில் சிக்கி நாளைத் தொலைக்க வேண்டியதில்லை. இரண்டு வரைபடங்களைப் பார்த்து, எங்கே ஏறி எங்கே மாறுவது என்று வழிகாட்டும் வேலையைப் பதினைந்து வயதுப் பெண்ணிடம் கொடுத்துப் பார்க்கட்டும். முழுக் குடும்பமும் அவள் பின்னால் நடக்கும்போது அவள் முகத்தில் முணுமுணுப்பு இருக்காது.

தண்ணீர்ச் சறுக்கும் ராட்சத ராட்டினமும் உள்ள பொழுதுபோக்குப் பூங்காவைப் பெரியவர்கள் இகழ்வது வழக்கம். இகழ வேண்டியதில்லை, அந்த வயதுக்குப் பயமும் ஓர் இன்பம். நாலு பேருக்குச் சீட்டும் சாப்பாடும் வாங்கினால் மாதச் சம்பளத்தில் பெரிய பள்ளம் விழும் என்பதே தடை. ஆண்டுக்கு ஒரு தடவை, முன்கூட்டியே பணம் சேர்த்துவைத்துப் போவது நலம். கடன் வாங்கிப் போகும் உல்லாசம் உல்லாசம் அல்ல.

இரவில் ஒரு பிரயாணம்

நேரங்கழித்து விழித்திருக்கும் பிள்ளைகளுக்கென்றே அமைந்ததுபோல் ஓர் இடம் உண்டு. திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில் உள்ள காவலூர் வான ஆராய்ச்சி நிலையம் அது. வைணு பாப்பு என்னும் வான சாஸ்திரி தேர்ந்தெடுத்த இடம். அவர் பெயர் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கியை 1986-ல் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றி வளையங்கள் இருப்பது தெரியவந்தபோது, அதைக் கவனித்த இடங்களில் காவலூரும் ஒன்று. பொது ஜனங்களை அனுமதிக்கும் நாளையும் நேரத்தையும் முன்னதாக விசாரித்துக்கொண்டு, மேகமில்லாத மாதமாகப் பார்த்துப் புறப்பட வேண்டும். தொழிற்பேட்டை விளக்கொளியில் நட்சத்திரமே காணாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த வானம் மறக்காது.

தண்ணீரின் ஆசை, தண்ணீரின் ஆபத்து

வளர்ந்த பிள்ளைகள் எல்லாரும் ஒருமுகமாகக் கேட்பது தண்ணீர். ஒகேனக்கல் போவதென்றால் மறுப்பவர் இல்லை. காவிரி பாறைகளுக்கிடையே விழும் இரைச்சல், பரிசல் சவாரி, எண்ணெய்க் குளியல், பொரித்த மீன் என்று ஆளுக்கொரு சுகம் அங்கே உண்டு. நீர்வரத்து அதிகமானால் பரிசலையும் குளியலையும் அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள். புறப்படுமுன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொண்டால் ஏமாற்றம் இராது. பரிசலில் பாதுகாப்பு அங்கி அணியாமல் யாரும் ஏறக் கூடாது. கிருஷ்ணகிரி அணை, காமராஜர் முதல்வராக இருந்தபோது 1950-களில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்டது. மாலையில் போய் உட்கார்ந்துவர நல்ல இடம்.

இங்கேதான் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். குடும்பத்தோடு போகும் இடம் அலுப்பாகிவிட்டால், பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள் என்று எண்ணுவது பேதைமை. நாலு சிநேகிதர்களைச் சேர்த்துக்கொண்டு தாங்களே புறப்பட்டுவிடுவார்கள். அவர்கள் போகும் இடம் ஏரி, அணையின் ஓரம், அல்லது கைவிட்ட கல்குவாரிக் குட்டை. கிரானைட் வெட்டியெடுக்கும் இந்த மாவட்டத்தில் அப்படிப்பட்ட பள்ளங்களுக்குக் குறைவில்லை. மழைத் தண்ணீர் தேங்கிப் பச்சையாக, அமைதியாகத் தெரியும். ஆனால், ஏரிபோல் சரிவாக இறங்கும் கரை அதற்குக் கிடையாது. ஓரடி நகர்ந்தால் பாதாளம். சுவர்போல் செங்குத்தாக வெட்டிய பாறையில் பிடித்து ஏற இடமும் இராது. ஒருவன் முழுகுவதைக் கண்டு காப்பாற்றக் குதிக்கும் இரண்டாமவனும் முழுகுகிறான். விடுமுறைக் காலத்துப் பத்திரிகைகளில் இத்தகைய செய்தி வராத ஆண்டே இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டார்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் 30,000-க்கு மேற்பட்டோர் இப்படி இறக்கிறார்கள். "தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்று அதட்டுவதால் மட்டும் இது நிற்காது. ஆணோ பெண்ணோ, பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும். ஒருவர் தத்தளித்தால் உடனே குதிக்காமல், கயிறோ கம்போ துணியோ எறிந்து இழுக்க வேண்டும் என்பதைச் சொல்லிவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் ஆசைப்படும் தண்ணீருக்குப் பெற்றோரே பாதுகாப்பான இடத்தில் அழைத்துப் போக வேண்டும். வீட்டாரோடு குளித்துக் களித்த பிள்ளைக்குக் குவாரிக் குட்டையின் கவர்ச்சி குறையும்.

இன்னொன்று மோட்டார் சைக்கிள். வண்டி செய்யும் ஊரில் பிறந்த பையனுக்கு வண்டி ஓட்டும் ஆசை இயற்கை. ஆனால், 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் சொந்தக்காரருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது. "பக்கத்தில்தானே, போய் வரட்டும்" என்று சாவியைக் கொடுக்கும் தகப்பனார் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகள் அழகானவை. ஆனால், கேழ்வரகு அறுவடைக் காலத்தில் யானைக் கூட்டங்கள் இறங்கிவரும் பகுதி அது. படம் எடுக்கும் ஆசையில் காட்டோரம் வண்டியை நிறுத்தி இறங்குவது உயிருக்கு உலை வைத்துக்கொள்வதாகும்.

வீட்டுப் பெண்களுக்கும் விடுமுறை வேண்டும்

பையனைச் சிநேகிதர்களோடு அனுப்பும் வீட்டில், அதே வயதுப் பெண்ணுக்குக் கிடைப்பது குடும்பத்தோடு போகும் இந்த ஒரு பிரயாணந்தான். ஆகவே இடம் தேர்ந்தெடுப்பதில் அவள் அபிப்பிராயத்துக்கு அதிக மதிப்பு இருப்பதே நியாயம். மலையேறவும் தண்ணீரில் இறங்கவும் பரிசலில் போகவும் அவளுக்கும் ஆசை உண்டு. "நீ பைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்" என்று கரையில் விட்டுப் போவது அழகல்ல.

தாயாரின் நிலையும் அப்படியே. முந்தின இரவு புளியோதரை கிளறி, விடியுமுன் தயிர்சாதம் பிசைந்து, போன இடத்தில் பரிமாறி, வந்த பிறகு பாத்திரம் தேய்ப்பவருக்கு எது விடுமுறை? புளி கரைக்கவும் வெங்காயம் உரிக்கவும் பதினாறு வயதுப் பையனுக்குக் கை உண்டு. ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டால், தாயாரும் சிரித்துக்கொண்டே வண்டியில் ஏறுவார்.

சர்க்காரும் நிர்வாகங்களும் செய்ய வேண்டியவை

எல்லாப் பொறுப்பையும் பெற்றோர் தலையில் சுமத்திவிட முடியாது. இத்தனை தொழிற்சாலைகள் உள்ள ஓசூரில் பிள்ளைகள் பந்தாடவும் நீந்தவும் போதுமான இடங்கள் வேண்டும். பயிற்சி பெற்ற காவலரோடு கூடிய நீச்சல் குளம் மாநகராட்சிக்கு ஆடம்பரம் அல்ல. உயிர் காக்கும் ஏற்பாடு. அணைகளிலும் சுற்றுலா இடங்களிலும் பெண்கள் உடை மாற்றச் சுத்தமான அறை இருக்க வேண்டும். கைவிட்ட குவாரிகளுக்குச் சுற்றுவேலி போடும் கடமையைச் சம்பந்தப்பட்டவர்கள் தட்டிக்கழிக்க விடக் கூடாது.

ஓசூருக்கு மிக அருகில் உள்ள நீர்நிலை கெலவரப்பள்ளி அணை. நந்தி மலைப் பக்கம் பிறந்து வரும் தென்பெண்ணையில் பெங்களூரின் கழிவும் கலப்பதால், அந்த அணை மலைமலையாக நுரை தள்ளுவதைப் பலமுறை ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். மாலையில் குடும்பத்தோடு போய் உட்கார வேண்டிய இடத்தில் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரு மாநில அரசுகளும் கூடிப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம் இது.

தொழிற்சாலை நிர்வாகங்களும் ஒன்று செய்யலாம். ஆண்டில் ஒரு நாள் தொழிலாளர் குடும்பத்தை உள்ளே அழைத்து வேலை நடப்பதைக் காட்டும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதைப் பள்ளி விடுமுறையில் வைத்தால், வளர்ந்த பிள்ளைகள் பார்ப்பார்கள். விடுமுறை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓய்வு கிடைக்கும்படி ஷிப்ட் முறையை அமைப்பதும் பெரிய காரியமல்ல.

இன்னும் எத்தனை விடுமுறை?

பெற்றோர் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். பிள்ளைக்கு இப்போது பதினான்கு வயது. பதினெட்டாவது வயதில் கல்லூரிக்கென்றோ வேலைக்கென்றோ கோயம்புத்தூர், சென்னை என்று புறப்பட்டுவிடுவான். மகளும் அப்படியே. காலாண்டு, அரையாண்டு, கோடை என்று ஆண்டுக்கு மூன்று விடுமுறை. நான்கு ஆண்டில் பன்னிரண்டு. இவற்றில் பரீட்சையும் டியூஷனும் ஷிப்டும் விழுங்கியது போக மிஞ்சுவது ஏழோ எட்டோதான். அதற்குப் பிறகு அவர்கள் விருந்தாளிபோல் வந்து போவார்கள்.

ஆகையால் இந்த விடுமுறைக்கு இடத்தைத் தீர்மானிக்குமுன், இன்று இரவுச் சாப்பாட்டின்போது பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அவர்கள் சொல்லும் இடம் பெற்றோருக்குப் பிடிக்காமலும் இருக்கலாம். ஒரு தடவை அவர்கள் இஷ்டப்படி போய் வந்தால் குடி முழுகிப் போகாது. அடுத்த தடவை, "அப்பா, உங்களுக்கு எங்கே போக ஆசை?" என்று அவர்களே கேட்பார்கள்.